லாரியின் பிளக்கும் அதன் இடைவெளியும்

லாரிக்கு ஏது பிளக்கு என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அப்படிக் கேட்பதில் குற்றமும் இல்லை. இரண்டு தலைமுறைக் காலமாக நம் நாட்டில் லாரி என்றாலே டீசல் என்று பழகிவிட்டோம். டீசல் இஞ்சினுக்குள்ளே காற்று மிகக் கடுமையாக அழுத்தப்படுகிறது. அழுத்தத்தினால் அது மிகுந்த சூடேறுகிறது. அந்தச் சூட்டிலே பீச்சப்படும் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்கிறது. தீ மூட்டுவதற்கென்று தனிக் கருவி வேண்டுவதில்லை. சில டீசல் வண்டிகளில் 'ஹீட்டர் பிளக்கு' என்று ஒன்று இருக்கிறதே என்று அன்பர்கள் கேட்கலாம். அது, குளிர்ந்து கிடக்கும் இஞ்சினைக் கிளப்பும்போது உள்ளறையைச் சற்றே சூடாக்கித் தரும் கம்பி. பொறி பறக்கவிடும் பிளக்கு அன்று. பெயர் ஒற்றுமையைக் கண்டு இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

ஆனால் இப்போது காற்று வேறு பக்கமாக வீசத் தொடங்கியிருக்கிறது. அழுத்தி அடைத்த இயற்கை வாயுவினால், அதாவது சி.என்.ஜி.யினால் ஓடும் லாரிகள் ஆண்டுக்காண்டு பெருகிவருகின்றன. இந்த வாயுவில் பெரும்பகுதி மீதேன். மீதேன் தானாகப் பற்றிக்கொள்ள 500 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட சூடு வேண்டும். டீசலுக்கோ அதில் ஏறத்தாழப் பாதி போதும். ஆகவே வாயு இஞ்சினில் வெறும் அழுத்தத்தை நம்பியிருக்க முடியாது, பொறி வேண்டும். 2005-ஆம் ஆண்டில் வெளிவந்து, நம்மவர்களால் 'குட்டி யானை' என்று செல்லமாக அழைக்கப்படும் டாடா ஏஸ் வண்டி தொடக்கத்தில் டீசலில்தான் ஓடிற்று. இன்று அதே பெயரில் பெட்ரோல் வண்டியும் வாயு வண்டியும் ஓடுகின்றன. இவற்றிலும், இவற்றைவிடப் பெரிய வாயு லாரிகளிலும், ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் ஒரு பிளக்கு உட்கார்ந்திருக்கிறது. லாரி ஓட்டிகளும் பட்டறைக்காரர்களும் ஏறக்குறைய மறந்துவிட்ட ஒரு சிறு கலையை மறுபடியும் கற்க வேண்டியதாகிவிட்டது.

நான் பட்டறைக்காரன் அல்லன். வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். மத்திய அரசு அலுவலகமொன்றில், ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கைகளை இந்தியாக்குவதும், இந்தியில் வருவனவற்றை ஆங்கிலமாக்குவதும் என் தொழில். குடியிருப்பது ஹைதராபாத்தின் வடகிழக்கு மூலையிலுள்ள குஷாய்குடாவில். 1967-இல் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டதிலிருந்து இந்தப் பக்கத்திற்கு இ.சி.ஐ.எல். என்பதே முகவரியாகிவிட்டது. அருகே சேர்லப்பள்ளித் தொழிற்பேட்டை இருப்பதால் எங்கள் தெருக்களில் லாரி வந்து போகாத நேரம் இல்லை. வேலையின் பொருட்டு வந்த தமிழ்க் குடும்பங்களும் இங்கே ஆங்காங்கே இருக்கின்றன. எங்கள் தெருக்கோடியில் உள்ள வேப்பமரத்தடியில் இரவு பத்து மணிக்கு மேல் வந்து நிற்கும் வாயு லாரியின் சொந்தக்காரர் அவர்களுள் ஒருவர். சங்ககிரிப் பக்கத்துக்காரர். கடன் வாங்கி வண்டி எடுத்து, தாமே ஓட்டுகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஒரு தடித்த புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தார். வண்டியோடு கொடுத்த ஆங்கிலக் கைப்புத்தகம் அது. "அண்ணா, நீங்கள் மொழிபெயர்க்கிற வேலையில்தானே இருக்கிறீர்கள்? இதிலே பிளக்கைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கண்ணா" என்றார்.

அவர் கதை இதுதான். நான்கு சிலிண்டர் வண்டி. சும்மா நிற்கையில் இஞ்சின் ஒழுங்காகவே ஓடும். காலி வண்டியாகப் போகையிலும் குறை தெரியாது. பாரம் ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் ஏறும்போது மட்டும் 'மிஸ்ஸிங்' அடிக்கும், இழுவை போய்விடும். பட்டறையில் முதலில் காற்று வடிகட்டியை மாற்றினார்கள். பிறகு வாயுவே சரியில்லை என்றார்கள். பிறகு ஒரு காயிலை மாற்றினார்கள். மூன்று வாரம் நன்றாக ஓடி, வேறொரு சிலிண்டரின் காயில் எரிந்துபோயிற்று. இப்போது எதிரே உள்ள பலகையில் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. வண்டி நின்ற நாட்களுக்கு வாடகை இல்லை. மாதத் தவணையோ நிற்பதில்லை. அடுத்த பழுது எதுவாக இருக்கும் என்று தெரியாமல் அவருக்கு உறக்கம் கெட்டுப் போயிருந்தது.

புத்தகத்தைப் புரட்டினோம். இன்ன வகைப் பிளக்கு, இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இடைவெளி 0.5 மி.மீ. என்று கண்டிருந்தது. சில மாதங்களுக்கு முன்பு பிளக்குகளை மாற்றியபோது அளந்து பார்த்தார்களா என்று கேட்டேன். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டியதாகச் சொன்னார். மரையளவு ஒன்றாக இருந்ததால் பெட்ரோல் காருக்குரிய பிளக்குகளே அவருடைய லாரிக்குள் போயிருந்தன என்பது பிறகு தெரிந்தது. அவற்றின் இடைவெளி 1 மில்லிமீட்டருக்கும் மேல். அந்த அரை மில்லிமீட்டர் வேறுபாட்டிற்குள்தான் இரண்டு காயில்களின் விலையும் பல நாள் வாடகையும் மறைந்துபோயிருந்தன.

அது எப்படி என்பதைச் சொல்லுமுன், மொழிபெயர்ப்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. அகராதிகள் இந்தக் கருவிக்குத் 'தீப்பொறிச் செருகி' என்று பெயர் தருகின்றன. பெயரில் பிழையில்லை. ஆனால் தமிழில் பொறி என்றால் தீப்பொறியும் ஆகும், இயந்திரமும் ஆகும், எலிப்பொறியும் ஆகும், ஐம்பொறிகளில் ஒன்றும் ஆகும். 'பொறியின் பொறிச்செருகியில் பொறி வரவில்லை' என்று எழுதினால் படிப்பவர் எந்தப் பொறியில் சிக்குவாரோ! சங்ககிரிக்காரரும், தெலுங்கு பேசும் பட்டறைக்காரரும், உருது பேசும் உதிரிபாகக் கடைக்காரரும் பிளக்கு என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன். அரசாங்கச் சொற்குழுக்களால் இயலாத ஒருமைப்பாட்டைப் பட்டறைகள் சத்தமில்லாமல் சாதித்திருக்கின்றன.

பிளக்கு பிறந்ததும் வாயுவோடுதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1860-இல் பாரிஸ் நகரில் லெனுவார் என்பவர் அமைத்த இஞ்சின் நிலக்கரி வாயுவில் ஓடிற்று. அதை மின்பொறியால் பற்றவைத்தார். பிற்பாடு பெட்ரோல் வந்தது. பெட்ரோல் லாரிகள் வந்தன. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபொழுது, நம் தமிழ்நாட்டுப் பஸ்கள் முதுகில் ஓர் உலையைச் சுமந்துகொண்டு கரிவாயுவில் ஓடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் அத்தகைய வாயு உலைகளைத் தாமே செய்து விற்றார்கள். அந்தக் கரிவண்டிகளிலும் பொறி கொடுத்தது பிளக்கே. போர் முடிந்தபின் இராணுவம் கழித்துவிட்ட பெட்ரோல் லாரிகள் சில காலம் சாலைகளில் ஓடின. 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ நிறுவனம் இந்தியாவிலேயே பிளக்கு செய்யலாயிற்று. 'மைக்கோ பிளக்கு' என்ற பெயர் நம் ஊர்ப் பெட்டிக்கடைக்காரருக்கும் தெரிந்திருந்தது. 2008-இல் அந்த நிறுவனம் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இதற்கிடையே 1954-இல் ஜாம்ஷெட்பூரில் டாடா மெர்சிடிஸ் டீசல் லாரிகளும், சென்னையை அடுத்த எண்ணூரில் லேலண்டு டீசல் லாரிகளும் உருவாகத் தொடங்கவே, லாரியிலிருந்து பிளக்கு மெல்ல மறைந்தது. டில்லியில் பஸ்களை வாயுவுக்கு மாற்ற வேண்டுமென்று 1998-இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்ட பிறகு கனரக வண்டிகளில் அது திரும்பி வந்தது. ஹைதராபாத்திலும் 2003-இல் நிறுவப்பட்ட பாக்யநகர் காஸ் நிறுவனத்தின் வாயு நிலையங்கள் இன்று இருக்கின்றன.

இனி பிளக்கின் உள்ளமைப்பைப் பார்ப்போம். நடுவிலே ஓர் உலோகத் தண்டு. அதன் கீழ் முனைக்கு நடுமுனை என்று பெயர் வைத்துக்கொள்வோம். தண்டைச் சுற்றி வெண்மையான பீங்கான் உறை. அலுமினாவினால் ஆன இந்த உறைதான் மின்சாரம் வழியில் நழுவிவிடாமல் காக்கிறது. அதற்கு வெளியே மரை வெட்டிய இரும்புக் கூடு. கூட்டின் அடியிலிருந்து ஒரு சிறு கொக்கி வளைந்து வந்து நடுமுனைக்கு எதிரே நிற்கிறது. நடுமுனைக்கும் கொக்கிக்கும் உள்ள வெற்றிடமே நாம் பேசும் இடைவெளி. பாட்டரியின் 12 வோல்ட்டையோ 24 வோல்ட்டையோ காயிலானது பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி அனுப்புகிறது. அந்த மின்சாரம் இடைவெளியைத் தாவும்போது பொறி பறக்கிறது. இஞ்சின் நிமிஷத்திற்கு 2,000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு பிளக்கும் நிமிஷத்திற்கு 1,000 முறை, மணிக்கு 60,000 முறை வாயுவைப் பற்றவைத்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் முனையிலிருந்து அணுவளவு உலோகம் தேய்கிறது. எனவே நாளாக ஆக இடைவெளி அகன்றுகொண்டே போகும்.

மேம்பாலத்தில் மட்டும் இஞ்சின் தடுமாறியது ஏன்? இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் நோயின் மூலம் இங்கேதான் இருக்கிறது. திறந்த வெளியில் 1 மி.மீ. அகலத்தைத் தாவ மின்சாரத்திற்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள்ளே அப்படியன்று. அங்கே காற்றும் வாயுவும் நெருக்கி அடைக்கப்பட்டிருக்கின்றன. நெருக்கம் மிக மிக, தாவுவதற்கு வேண்டிய வோல்ட்டும் மிகும். வண்டி சும்மா நிற்கையில் இஞ்சின் சிறிதளவே காற்றை உள்ளே இழுக்கிறது. ஆகவே நெருக்கமும் குறைவு, அகன்ற இடைவெளியையும் பொறி எப்படியோ தாண்டிவிடுகிறது. பாரத்தோடு ஏறும்போது ஓட்டுநர் மிதியை முழுதும் அழுத்துகிறார். சிலிண்டர் நிறையக் காற்று புகுந்து இறுகுகிறது. 20,000, 30,000 வோல்ட் இருந்தாலன்றிப் பொறி பாயாது. இடைவெளி இரு மடங்கானால் தேவையும் ஏறத்தாழ இரு மடங்காகும். காயில் தன் முழு வலிமையையும் காட்டியும் பொறி பாயாத அந்தக் கணத்தில், இறுகிய வாயு எரியாமலே வெளியேறுகிறது. இதுவே மிஸ்ஸிங்.

பெட்ரோல் வண்டியில் 0.7 மி.மீ. முதல் 1.1 மி.மீ. வரை இடைவெளி வைப்பது வழக்கம். வாயு இஞ்சினில் அழுத்தமும் மிகுதி, கலவை பற்றுவதும் கடினம். ஆகையால் இடைவெளியைக் குறைத்தே வைக்கிறார்கள். பெட்ரோல் பிளக்கைக் கொண்டுபோய் வாயு இஞ்சினில் மாட்டுவது, அரைக்கால் மிதிக்கப் பழகியவனை மலையேறச் சொல்வது போன்றது.

பாயாத மின்சாரம் என்ன ஆகிறது? அது வேறு வழி தேடுகிறது. காயிலின் உள்ளுறையைத் துளைக்கும். அல்லது பிளக்கின் மேல் மாட்டியுள்ள ரப்பர் உறையைக் கிழித்துக்கொண்டு பக்கத்து இரும்புக்குப் பாயும். காயில் எரிவது பெரும்பாலும் இப்படித்தான். காயிலை மட்டும் மாற்றிவிட்டுப் பிளக்கை அப்படியே விட்டால் புதிய காயிலும் அதே வழியில் போகும். எரியாமல் வெளியேறும் வாயுவோ புகைக்குழாயிலுள்ள மாற்றிக் கலத்தில் போய் எரிந்து அதைப் பழுக்கக் காய்ச்சுகிறது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கு உட்பட்ட வண்டிகளில் இந்தக் கலம் விலையுயர்ந்த பொருள். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் பட்டறைக்குப் போகும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். விட்டுவிட்டு மின்னினால், பல வண்டிகளில், இப்போதே வேகத்தைக் குறை, கலம் கெடப்போகிறது என்று பொருள். அன்பர் அந்த விளக்கோடு நான்கு நாள் பாரம் ஏற்றியிருந்தார். கலம் தப்பியது அவருடைய நல்ல காலம்.

அன்று மாலையே பிளக்கு மாற்றும் வேலையில் இறங்கினோம். வாயுக் குழாய்களையோ, 200 பார் வரை அழுத்தத்தில் நிரப்பப்படும் உருளையையோ தொடும் வேலை எங்களுடையதன்று. அது உரிமம் பெற்றவர்களின் வேலை. பிளக்கை மாற்றுவதற்கு அவற்றைத் தொட வேண்டியதும் இல்லை. எனினும் உருளையின் அடைப்பானை மூடிவிட்டு, வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தினோம். சி.என்.ஜி. காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலே போய்விடும். அதனால்தான் கூரையடியில் நின்று வேலை செய்வது தகாது. பாட்டரியின் எதிர்முனை இணைப்பையும் கழற்றிவிட்டோம்.

இஞ்சின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். சிலிண்டரின் தலை அலுமினியத்தால் ஆனதாக இருந்தால், சூட்டோடு பிளக்கைத் திருகும்போது மரையும் உடன் பெயர்ந்து வந்துவிடும். ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் அவசரம் அது. பிறகு காயில்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எந்தச் சிலிண்டருடையது என்று துண்டுக் காகிதத்தில் எண்ணிட்டு ஒட்டினோம். கம்பி இணைப்புள்ள பழைய அமைப்பானால், கம்பியைப் பிடித்து இழுக்காமல் அதன் தலையிலுள்ள உறையைப் பிடித்தே இழுக்க வேண்டும். அடுத்தது பலர் செய்யாமல் விடுவது: பிளக்கு இருக்கும் குழியில் காற்றடித்து மணலையும் தூசியையும் போக்குவது. இதைச் செய்யாமல் பிளக்கை எடுத்தால் அத்தனை மணலும் சிலிண்டருக்குள் விழுந்து பிஸ்டனைக் கீறும். சைக்கிள் பம்பு போதும்.

பிளக்கு ஸ்பேனரை, இவ்வூர்ப் பேச்சில் 'பானா'வை, நேராக இறக்கி நிதானமாகத் திருக வேண்டும். ஸ்பேனர் சாய்ந்தால் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அந்த விரிசலின் வழியே பொறி திருட்டுத்தனமாக ஓடும். குறை எங்கே என்று தேடித் தேடி அலுத்துவிடும்.

எடுத்த நான்கு பிளக்குகளையும் சிலிண்டர் வரிசைப்படி ஒரு பலகையில் நிறுத்தினோம். பிளக்கின் முகம் பார்த்து இஞ்சினின் உடல்நிலையை அறிவது பழைய மெக்கானிக்குகளின் நாடி சாஸ்திரம். பெட்ரோல் இஞ்சினில் முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்து உலர்ந்து கறுத்திருந்தால் எரிபொருள் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் மசகெண்ணெய் மேலேறுகிறது. பீங்கான் வெளுத்துக் கொப்புளித்திருந்தால் மிஞ்சிய சூடு. வாயு இஞ்சினில் இந்தச் சாஸ்திரத்தை அப்படியே நம்பலாகாது. வாயு ஏறக்குறையக் கரியே விடாமல் எரிவதால் நல்ல நிலையில் உள்ள பிளக்கும் வெளுப்பாகவே தெரியும். அதைக் கண்டு சூடு மிகுந்துவிட்டதென்று மிரள வேண்டாம். ஒரு பிளக்கு மட்டும் மற்ற மூன்றிலிருந்து வேறுபட்டிருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. எங்கள் நான்கில் இரண்டாவதன் பீங்கானில் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியிருந்தது. பொறி வெளிப்புறமாகப் பாய்ந்த தடம் அது. அந்தச் சிலிண்டரின் காயில்தான் கடைசியாக எரிந்தது.

பழைய பிளக்கைக் கம்பித் தூரிகையால் தேய்த்து மறுபடியும் மாட்டலாமா என்று அன்பர் கேட்டார். பெட்ரோல் லாரிக் காலத்தில் மணலடித்துச் சுத்தம் செய்யும் இயந்திரம் பெரிய பட்டறைகளில் இருந்தது. ஆனால் கம்பித் தூரிகை, பீங்கானின் மேல் உலோகப் பொடியைப் பூசிவிடும். மின்சாரம் ஒழுக அதுவே பாதையாகிவிடும். எங்கள் விஷயத்தில் பிளக்கின் வகையே தவறு. ஆகவே புத்தகத்தில் கண்ட எண்ணைச் சொல்லிப் புதியவை நான்கு வாங்கி வைத்திருந்தோம்.

எண்ணைச் சொல்லி வாங்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. மரையின் விட்டமும் நீளமும் ஒத்திருந்தாலும் பிளக்கின் வெப்பத் தரம் வேறாக இருக்கலாம். பிளக்கு முனை ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் தன்மேல் படியும் அழுக்கைத் தானே எரித்துக்கொள்ளும். 900 டிகிரியைத் தொட்டால் அதுவே கொள்ளிக்கட்டையாகிப் பொறி வருமுன்னரே வாயுவைப் பற்றவைத்துவிடும். இந்த இரண்டு எல்லைகளுக்குள் முனையை நிறுத்தும்படி ஒவ்வொரு இஞ்சினுக்கும் பிளக்கைத் தேர்ந்திருக்கிறார்கள். 'இதுவும் அதே சைஸ்தான்' என்று கடைக்காரர் சொன்னால், எந்த மொழியில் சொன்னாலும் ஏற்க வேண்டாம். மரையின் நீளம் கூடினால் முனை பிஸ்டனில் இடிக்கவும் கூடும். விலை வழக்கத்தைவிட மிகக் குறைவாக இருந்தாலும் ஐயப்பட வேண்டும். பிளக்கில் போலிகள் ஏராளம்.

இனி இடைவெளி. பெட்டியிலிருந்து வரும் பிளக்கின் இடைவெளி சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணி அளக்காமல் மாட்டுவது தவறு. அதே பிளக்கு பல வண்டிகளுக்குப் பொருந்தலாம். வழியில் கீழே விழுந்து கொக்கி வளைந்திருக்கலாம். அளப்பதற்கு மெல்லிய எஃகுத் தகடுகள் விசிறிபோல் அடுக்கிய ஃபீலர் கேஜ் உதவும். பட்டறைகளில் இதைப் 'பில்லர் கேஜ்' என்பார்கள். அப்படிக் கேட்டாலும் கிடைக்கும். புதிய பிளக்குக்குத் தகடே போதும். ஓடித் தேய்ந்த பிளக்கை அளப்பதானால் தகடு ஏமாற்றிவிடும்: கொக்கியின் உட்புறம் குழிந்திருக்கும், தட்டையான தகடு குழியின் ஓரங்களில் தங்கிவிடும், உண்மை அகலம் கூடுதலாக இருக்கும். அதற்கு உருண்டைக் கம்பியால் ஆன அளவி நல்லது.

பழைய மெக்கானிக்குகள் அளவியே இல்லாமல் ஹாக்ஸா பிளேடின் முதுகை இடையில் விட்டுப் பார்ப்பதுண்டு. அது வெறும் அலட்சியம் அன்று. அந்தக் காலத்துப் பெட்ரோல் இஞ்சின்கள் பலவற்றுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு, அதாவது 0.63 மி.மீ. அளவில் இடைவெளி வேண்டியிருந்தது. ஹாக்ஸா பிளேடின் கனமும் ஏறத்தாழ அதுவே. அவர்களுடைய இஞ்சினுக்கு அந்தக் கைமுறை பொருந்திற்று. 0.5 கேட்கும் இஞ்சினுக்குப் பொருந்தாது.

0.5 எண்ணிட்ட தகடு இடைவெளியில் நுழையும்போது இலேசான உராய்வு கையில் தெரிய வேண்டும். தளர்வாகவும் போகக்கூடாது, திணிக்கவும் வேண்டியிருக்கக்கூடாது. அதற்கு அடுத்த பெரிய தகடு நுழையக்கூடாது. அகலம் கூடுதலானால், கொக்கியின் முதுகை ஒரு மரக்கட்டையின்மேல் மெல்லத் தட்டினால் குறையும். குறைவானால், கொக்கியை மட்டும் அதற்குரிய கருவியால் வெளிப்புறமாக நெம்ப வேண்டும். நடுமுனையைத் தாங்கலாக வைத்து நெம்பினால் பீங்கான் மூக்கு உடையும். முனையில் இரிடியம் அல்லது பிளாட்டினம் பதித்த பிளக்குகள் நீண்ட நாள் உழைப்பவை; ஆனால் அவற்றின் நடுமுனை குண்டூசி போல மெலிந்தது. அத்தகைய பிளக்கில் நாணயம் போன்ற அளவியைச் சுழற்றித் திணிப்பது முனையை முறிப்பதாகும். அவற்றைக் கம்பி அளவியால் பார்த்து, அளவு பெரிதும் மாறியிருந்தால் கடையிலே திருப்பிக் கொடுப்பதே மேல். எங்கள் நான்கில் மூன்று சரியாக இருந்தன. ஒன்று மட்டும் 0.6 காட்டிற்று. மூன்று முறை மெல்லத் தட்டியதில் இறங்கி வந்தது. தட்டியவர் அன்பர். அலுவலகத்தில் பேனா பிடிக்கும் கைக்கு அந்தப் பதம் வரவில்லை.

மாட்டும்போது முதற் சில சுற்றுகளை விரலாலேயே திருக வேண்டும். கை எட்டாத குழியானால் ஒரு ரப்பர்க் குழாய்த் துண்டைப் பிளக்கின் தலையில் செருகிச் சுழற்றலாம்; மரை மாறி ஏறினால் குழாய் வழுக்கிவிடும், மரை தப்பும். விரலிறுக்கம் வந்தபின் ஸ்பேனர். எவ்வளவு இறுக்குவது என்பது புத்தகத்தில் நியூட்டன் மீட்டர் கணக்கில் இருக்கும். முறுக்களவு காட்டும் ஸ்பேனர் இருந்தால் அதன்படி செய்க. இல்லையேல், வாஷர் உள்ள புதிய 14 மி.மீ. பிளக்குக்கு விரலிறுக்கத்திற்குமேல் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை. வாஷர் ஏற்கெனவே நசுங்கிய பழைய பிளக்கு என்றால் கடிகாரத்தில் ஒரு மணி அளவு, அதாவது பன்னிரண்டில் ஒரு சுற்று. வாஷர் இல்லாமல் சரிவாக உட்காரும் வகைக்கு அதனினும் குறைவு. தளர்ந்திருந்தால் பிளக்கின் சூடு இஞ்சின் தலைக்கு இறங்காமல் முனை பழுக்கும். அதிகம் இறுக்கினால் மரை நீளும். மரையில் எண்ணெயோ கிரீசோ பூசுவதும் வேண்டாம். பூசினால் கைக்குத் தெரியாமலே இறுக்கம் மிஞ்சிவிடும்.

காயில் உறைகளை விளக்கொளியில் திருப்பிப் பார்த்து, கிழிந்திருந்த ஒன்றை மாற்றிவிட்டு, எண் வரிசைப்படி பொருத்தினோம். எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மறுநாள் பாரத்தோடு சேர்லப்பள்ளியிலிருந்து வந்தவர், மேம்பாலத்தில் மூன்றாம் கியரிலேயே ஏறியதாகச் சொன்னார். காயில்களுக்குப் போன பணம் போனதுதான். பட்டறைக்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை. போவதற்கு அவருடைய தெலுங்கு போதாது என்பது ஒன்று, அந்தப் பட்டறைக்காரரும் இருபது ஆண்டு டீசலையே பார்த்த கை என்பது மற்றொன்று.

வண்டிக் கதவின் உட்புறத்தில் இப்போது பிளக்கின் எண்ணும், மாற்றிய நாளும், கிலோமீட்டரும், 0.5 என்ற அளவும் வெள்ளைப் பெயிண்டால் எழுதப்பட்டிருக்கின்றன. தமிழில் எழுதியது நான். அதன் கீழே, பட்டறைக்காரர் படிக்கும்படி தெலுங்கில் எழுதியது எதிர்வீட்டுப் பள்ளிக்கூடப் பையன்.